விடியற்காலை மூன்றரைக்கு வீட்டைக் காலி செய்து பார்த்தோம்: எர்ணாவூரிலிருந்து பொன்னேரி மாந்தோப்பு வரை

வடக்குவாசல்:

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை மூன்றரை மணி. எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று விசில் ஊதினேன். மகனுடைய விளையாட்டு விசில்தான். எல்லாருக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தேன், தேதியை மட்டும் சொல்லவில்லை. விசில் கேட்டால் பத்தே நிமிடத்தில் ஐந்து பேரும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், அப்படியே கிளம்பிப் போய் ஓர் இரவு கூரையில்லாத இடத்தில் தங்கிவிட்டு மறுநாள்தான் திரும்ப வேண்டும், எதை மறந்திருந்தாலும் திரும்பி வந்து எடுக்கக் கூடாது, வழியில் கடையில் வாங்கவும் கூடாது.

ஏன் இந்தக் கோமாளித்தனம் என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் இருப்பது வடசென்னையில் எர்ணாவூர். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் மணலியின் ஆலைகள், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். 2023 டிசம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை, அந்த வெள்ளத்தோடு கால்வாயிலும் ஆற்றிலும் எண்ணெய், அதை வழித்து முடிப்பதற்குள் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா. சுனாமி வந்த அதே தேதி. அன்றைக்கு நாங்களும் கண் எரிய எரியத் தெருவுக்கு ஓடி வந்தோம். ஒரு கையில் அம்மாவைப் பிடித்திருந்தேன். இன்னொரு கையில் என்ன என்று அரை மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன், டிவி ரிமோட். அதை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. இந்த ஒத்திகைக்குக் காரணம் அந்த ரிமோட்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பத்து நிமிடம் என்றது 43 நிமிடம் ஆனது.

மகளுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. ரேஷன் கார்டும் ஆதாரும் பீரோவுக்குள், பீரோ சாவி இருக்கும் இடம் மனைவிக்கு மட்டும் தெரியும், மனைவியோ மொட்டைமாடியில் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தாள். (கேட்டால், மழை வந்தால் நனைந்துவிடுமாம்.) அம்மா முகம் கழுவி விபூதி வைக்காமல் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றார். அதற்கு எட்டு நிமிடம். மகன் எழுந்து, செருப்பு போட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி தூங்கிவிட்டான். நான்தான் தலைவன் என்று நின்றேன், சிலிண்டரை மூடினேன், மெயின் ஸ்விட்ச்சை மறந்தேன், திரும்பிப் போய் அணைத்தேன், என் விதியை நானே முதலில் மீறினேன்.

பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணனிடம் மட்டும் ரகசியம் சொல்லியிருந்தேன். அவர் ஆட்டோவில் நாலு பேர், என் வண்டியில் நானும் பைகளும். நாங்கள் இருட்டில் மூட்டை முடிச்சோடு ஏறுவதை எதிர்வீட்டு அக்கா ஜன்னலில் பார்த்திருக்கிறார். என் மனைவி தெருவில் சீட்டு பிடிக்கிறாள், இருபது பேர் சீட்டு. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மீஞ்சூர் தாண்டுவதற்குள் பதினோரு போன். ஒருவர் நேராகவே கேட்டார்: "ஏம்மா, பணத்தோட எந்த ஊருக்கு?"

போன இடம் பொன்னேரிக்கு மேற்கே மனைவியின் சித்தப்பா தோப்பு. ஆரணியாறு நடக்கும் தூரம். அவரிடம் அனுமதி வாங்கியிருந்தேன், ஆனால் அவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். கூடாரம் ஒன்று, தார்ப்பாய் ஒன்று, 20 லிட்டர் கேன் ஒன்று. அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூடுல்ஸ் எடுத்துப் போனது முட்டாள்தனம், அதைக் கொதிக்க வைப்பதிலேயே தண்ணீர் போயிற்று. அவலை ஊறப்போட்டு வெல்லம் சேர்த்துச் சாப்பிட்டதுதான் மூன்று வேளையும் தாங்கியது. ராத்திரி தூறல் விழுந்தது, லைட்டரை வைத்துக்கொண்டு நான் இருபது நிமிடம் ஊதிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, காய்ந்த பனை ஓலையின் நடு நரம்பைக் கிழித்து, சுள்ளிக்கு அடியில் செருகி, ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துவிட்டு "தள்ளு" என்றார். 71 வயது, முட்டிவலி, சர்க்கரை.

அந்த முட்டிவலியில்தான் பெரிய சிக்கல். அவரால் குந்த முடியாது. வெட்டவெளியில் குழி தோண்டுவதெல்லாம் எனக்குச் சரி, அம்மாவுக்கு? மனைவியும் மகளும் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது ஞாயிறு காலைதான் எனக்குத் தெரிந்தது.

நான் கேட்க வந்தது மூன்று. வீட்டுக்குள்ளேயே வீணாகும் நேரத்தை எப்படிக் குறைப்பது? நடக்கக் கஷ்டப்படும் வயதானவர்களை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நாங்கள் போன வழி சரியா?

கட்டுமரம்72:

தம்பி, 43 நிமிடத்துக்கு வருத்தப்படாதே. 2004-ல் சுமத்ராவில் பூமி ஆடியது நம்ம நேரத்துக்குக் காலை ஆறரை. இங்கே கரைக்குத் தண்ணீர் வந்தது எட்டரைக்கு மேல். இரண்டு மணி நேரம் கையில் இருந்தது, சொல்ல ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு, பாதிப் பேர் கரையில், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007-லிருந்து. 2012 ஏப்ரல் 11 மதியம் மறுபடி அங்கே பெரிதாக ஆடியபோது சேதி சீக்கிரம் வந்துவிட்டது. சேதி வந்தது, ஜனங்களும் ஓடினார்கள், ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி நகரவில்லை. அலை வரவில்லை, தப்பித்தோம்.

கடல் அலைக்குப் பயந்து வெகுதூரம் ஓடத் தேவையில்லை. கொஞ்ச தூரம் உள்ளே, கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். காங்கிரீட் வீட்டு இரண்டாவது மாடி போதும் பல நேரம். பொன்னேரிவரை போவது வேறு கதைக்கு.

காற்று பார்த்தாயா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிசம்பரில் வாடை, வடகிழக்கிலிருந்து அடிக்கும், கடலில் கசிந்தது கரைக்குத்தான் வரும். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று, விடியற்காலையில் கரைக்காற்று, அதனால் ஒரே ஆலையில் கசிந்தாலும் மதியம் ஒரு ஊர் மாட்டும், விடியலில் வேறு ஊர் மாட்டும். ராத்திரியில் திசை தெரியவில்லை என்றால் மணலி சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கி உச்சியில் எரிகிறதே நெருப்பு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். நாங்கள் கடலிலிருந்தே அதைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம்.

வடக்குவாசல்:

அண்ணா, இத்தனை வருடமாக என் மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்க்கிற நெருப்பு அது. ஒருநாளும் இப்படித் தோன்றவில்லை.

ட்ரெய்லர்காரன்:

வழி பற்றிக் கேட்டீர்கள். இருபது வருடமாகத் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் கண்டெய்னர் இழுக்கிறேன், எங்கே எப்போது நிற்கும் என்பது எனக்கு அத்துப்படி, ஏனென்றால் நிற்பதே நாங்கள்தான்.

நீங்கள் போனது மணலி, மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி. மூன்றரை மணிக்குச் சுகமாகப் போயிருப்பீர்கள். அதே வழியை மழை நாளில் யோசித்துப் பாருங்கள். பூண்டியில் திறந்துவிடும் தண்ணீர் கொசஸ்தலையில் வருகிறது. புழல் உபரிக் கால்வாய் சடையங்குப்பம் பக்கம் வந்து சேர்கிறது. இரண்டும் சேர்ந்தால் முதலில் முழுகுவது சடையங்குப்பமும் மணலி புதுநகரும் நாப்பாளையமும். நீங்கள் வெள்ளத்துக்குப் பயந்து வெள்ளத்தின் வாய்க்கே போகிறீர்கள். ஆலையில் பிரச்சினை என்றாலும் இதே சாலைதான் ஆலைகளை ஒட்டிப் போகிறது. ஆக, நீங்கள் ஒத்திகை பார்த்த வழி கடல் ஒன்றுக்குத்தான் உதவும்.

கிழக்கு மேற்காக வெளியேற நம்மிடம் இருப்பது சில பாலங்களும் சில கேட்டுகளும்தான். தெற்கே போகலாம் என்றால் கொருக்குப்பேட்டை கேட் போட்டால் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கான வரிசை சில நாள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும், ஒரு வரிசை இரண்டு வரிசை ஆனால் ஆம்புலன்ஸ்கூட நுழையாது. எங்களைத் திட்டாதீர்கள், நாங்களும் வண்டியை விட்டு இறங்க முடியாமல்தான் கிடக்கிறோம்.

என் யோசனை: ஒரு வழி என்று வைக்காதீர்கள், ஆபத்துக்கு ஒரு வழி வையுங்கள். கடல் என்றால் மேற்கே, முடிந்தால் கால்நடையாகவே. மழை என்றால் முந்தின நாளே மாதவரம் பக்கம் போய்விடுங்கள், முந்தின நாள் போகாவிட்டால் போகவே போகாதீர்கள், மாடிக்கு ஏறுங்கள். வாயு என்றால் காற்றுக்குக் குறுக்கே. வண்டியை நம்பாமல் ஒருமுறை நடந்து பாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. எர்ணாவூர் மேம்பாலத்தின் ஏற்றம் முட்டிவலிக்கு என்ன செய்கிறது என்று தோப்பில் தெரியாது.

தையல்மெஷின்:

படித்துச் சிரித்தேன், சீட்டு விஷயத்தில் நிஜமாகவே சிரித்தேன். ஆனால் எரிச்சலும் வந்தது, சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குச் சித்தப்பா தோப்பு இருக்கிறது. கால்வாய் ஓரத்தில் ஒண்டுக் குடித்தனம் இருக்கிற எங்களுக்கு? மிக்ஜாமின்போது எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், மேலே கறுப்பாக எண்ணெய். மூன்று நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கழிவறை இரண்டு, தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை. தையல் மெஷினைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன், வந்து பார்த்தால் மேஜையே மிதந்து கவிழ்ந்து கிடந்தது. நீங்கள் கூடாரம் வாங்கிய காசில் எனக்கு மோட்டாரை மாற்றியிருக்கலாம். எங்களுக்கு வருடா வருடம் இந்த ஒத்திகையை மழையே சொல்லிக்கொடுக்கிறது, அதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் உள்ளே இருப்பதை எடுத்துப்போக ஆள் இருக்கிறது, அதனால் பாதிப் பேர் வெளியேறவே மாட்டார்கள். இதை உங்கள் விசில் தீர்க்குமா?

வடக்குவாசல்:

அக்கா, தோப்பு எல்லாருக்கும் இல்லை, நீங்கள் சொல்வது சரி. கூடாரம் மச்சானிடம் இரவல் வாங்கியது, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி தோப்பில் இல்லை, வாசலில்தான். அந்த 43 நிமிடத்துக்குப் பைசா செலவில்லை. ஆனால் திருட்டுப் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் மூன்று நாளில் எது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்வீர்களா? நிஜமாகவே கேட்கிறேன்.

தையல்மெஷின்:

கோபத்தில் எழுதினேன், தப்பாக நினைக்காதீர்கள்.

முதலில் நைட்டி இல்லை, புடவை. விரித்தால் மறைப்பு, மடித்தால் படுக்கை, கிழித்தால் குழந்தைக்கு. இரண்டாவது, மூடி போட்ட பெயிண்ட் வாளி. உள்ளே பிளாஸ்டிக் பை, மேலே ஒரு பிடி சாம்பல் அல்லது மணல். ராத்திரி இரண்டு மணிக்கு நூறு பேரைத் தாண்டிக் கழிவறை தேடிப் போகாமல் எங்கள் அறையில் இருந்த பெண்கள் அதைத்தான் பயன்படுத்தினோம். உங்கள் அம்மாவுக்கும் அதுவே போதும், வாளிமேல் வைக்க நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தால் குந்த வேண்டாம். மூன்றாவது, மாதவிடாய்த் துணி. பேட் என்றால் பேட், ஆனால் ஒரு பாக்கெட் பையிலேயே கிடக்க வேண்டும். ஆண்கள் கட்டுகிற பையில் கத்தி, கயிறு, டார்ச் எல்லாம் இருக்கும், இது இருக்காது. நான்காவது, பத்தும் இருபதுமாகச் சில்லறை நோட்டு. டவர் செத்த அன்றைக்குப் பால் பாக்கெட் விற்றவன் போனை நீட்டினால் சிரித்தான்.

அப்புறம் எங்கள் தெருவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆண்கள் நாலு பேர் மாடி வீட்டில் தங்கிக் காவல் இருப்பார்கள், மற்றவர்கள் போவார்கள். திருட்டுக்கு அதுதான் எங்களுக்குத் தெரிந்த மருந்து.

மாத்திரை டப்பா:

செவிலியர் என்ற முறையில் சில விஷயம்.

இன்சுலின்: அவசரத்தில் ஃப்ரிட்ஜைத் தேடி ஓட வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் குப்பி நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் தாங்கும், ஆனால் நம்ம ஊர் மே மாத அறையை அறை என்று நினைக்காதீர்கள். ஈரத்துணி சுற்றிய சிறு மண்சட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் போட்டு நிழலில் வைத்தால் போதும். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். ஊசியும் மருந்துச் சீட்டின் நகலும் அதோடே இருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் கொடுக்க நாலு ஸ்பூன் சர்க்கரைப் பொட்டலம். ஓடிய ஓட்டத்தில் சாப்பாடு தவறினால் முதலில் மயங்குவது இவர்கள்தான்.

வாயு பற்றிப் பலரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள், அது தப்பு. அம்மோனியா காற்றைவிட இலேசு, மேலே போய்விடும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் ஆலையில் அது குளிர்ந்த திரவமாக இருக்கிறது, கழித்தல் 33 டிகிரியில். கசிந்தவுடன் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் புகைமூட்டமாகத் தரையோடு தவழும், சூடேறிய பிறகுதான் மேலே போகும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தங்கும். சமையல் வாயுவும் கனம்தான், கூடவே நெருப்புப் பயம், ஸ்விட்ச் போடக்கூடாது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஓடு என்றோ எல்லாவற்றுக்கும் மாடிக்குப் போ என்றோ ஒரே சூத்திரம் கிடையாது. 1984-ல் போபாலில் காற்று போன திசையிலேயே மூச்சிறைக்க ஓடியவர்கள் அதிகமாக உள்ளே இழுத்தார்கள். வெள்ளை மூட்டம் தெருவுக்கு வந்துவிட்டது என்றால் கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி செருகி, மூக்கை ஈரத்துணியால் மூடி உள்ளே இருப்பது பல சமயம் நல்லது. அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் ஈரத்துணி உதவும். கண் எரிந்தால் வெறும் தண்ணீரால் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது, எலுமிச்சை வினிகர் என்று எதையும் ஊற்றக் கூடாது.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரை சிறு கரண்டி உப்பு. தலைதட்டி, குவிக்காமல்.

தோப்பில் தரையில் படுத்தீர்களா? கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடினீர்களா? கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், கடித்தது தெரியாமலே தூங்குகிறவர்கள் உண்டு. கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தாலே பெரிய பாதுகாப்பு.

வடக்குவாசல்:

ஜிப் மூடினோம், ஆனால் செருப்பை வெளியே விட்டோம். காலையில் மகன் செருப்பிலிருந்து தேரை ஒன்று குதித்தது. இனி செருப்பும் உள்ளேதான்.

பேசின்பிரிட்ஜ்:

தோப்பு இல்லாதவர்கள் எங்கே போவது? நாகலாபுரம் பக்கம் காட்டில் நண்பர்கள் முன்பு போய் ராத்தங்கினார்கள். பழவேற்காடு கடற்கரை?

சட்டக்கோடு:

அப்படிச் சும்மா போய்விடாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், இரவு தங்குவது அதைவிட. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு அந்த வருடமே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதி போட்டது. நாகலாபுரம் ஆந்திரா, அங்கே அவர்கள் வனத்துறை. பழவேற்காடு ஏரி பறவைச் சரணாலயம். அரசே நடத்தும் மலையேற்றத் திட்டத்தில் பூண்டிக்கு அந்தப் பக்கம் குடியம் குகை இருக்கிறது, வழிகாட்டியோடு பகலில் போய் வரலாம், நடக்கப் பழக நல்ல இடம். ராத்தங்க நமக்கு இருக்கும் நேர்மையான வழி தெரிந்தவர் நிலம், அவர் சம்மதம், அடுப்பை அணைத்துவிட்டு வருவது. இல்லையென்றால் மொட்டைமாடி. கிண்டல் இல்லை, மெயினை அணைத்து, மோட்டார் போடாமல், பையில் இருப்பதை மட்டும் வைத்து மாடியில் ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். வெள்ளத்துக்கு அதுதான் அசல் ஒத்திகை.

இதைவிட முக்கியமாக ஒன்று. நீங்கள் உங்கள் வீட்டில் விசில் ஊதுகிறீர்கள், உண்மையில் ஊத வேண்டியவர்கள் வேறு. அபாயகரமான ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் 1989-லேயே வந்துவிட்டன. பெரிய அபாயம் உள்ள ஆலை தன் வளாகத்துக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். வளாகத்துக்கு வெளியே இருக்கும் நமக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை உண்டு. விபத்து நடந்தால் யார் பாதிக்கப்படுவார்களோ அவர்களுக்கு, என்ன அபாயம், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். உங்கள் தெருவில் யாராவது வந்து சொன்னார்களா? 2020-ல் பெய்ரூட் வெடித்த பிறகுதான் மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் 700 டன் அளவுக்கு அம்மோனியம் நைட்ரேட் 2015-லிருந்து கிடப்பது நமக்கே தெரிந்தது. அப்புறம் ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஐந்து வருடம் அதன் பக்கத்தில் தூங்கியிருக்கிறோம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய். எங்கள் பகுதிக்கான வெளிவளாகத் திட்டத்தின் நகல், கடைசி ஒத்திகை நடந்த தேதி, நாங்கள் கூட வேண்டிய இடம். மூன்றே கேள்வி.

தையல்மெஷின்:

இதைத்தான் நான் கேட்டேன். மனுவை எப்படி எழுதுவது என்று போடுங்கள் சார், நான் போடுகிறேன். எங்கள் சங்கத்தில் பதினேழு பேர் இருக்கிறோம், பதினேழு மனு போடுவோம்.

ட்ரெய்லர்காரன்:

சைரன் சத்தமும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். ஷிப்டுக்கு ஊதுவதும் ஆபத்துக்கு ஊதுவதும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஒன்றுதான்.

கட்டுமரம்72:

போனில் வருகிற எச்சரிக்கையும் அப்படித்தான். 2023 அக்டோபரில் சோதனைக்காக எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியது, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டுக் கிழவி போனைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டது.

மாத்திரை டப்பா:

அண்ணா, வேலை நேரத்தில் சிரிக்க வைக்காதீர்கள்.

1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம், 1913 மாநகராட்சி, 112 எல்லாவற்றுக்கும். போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

வடக்குவாசல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டாவது ஒத்திகை முடிந்தது. இந்த முறை தோப்பு இல்லை. நடை மட்டும், அப்புறம் ராத்திரி மொட்டைமாடி.

மாற்றியவை சில. பீரோவில் இருந்த எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஜிப் கவரில் போட்டு, வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பையில் வைத்தாயிற்று. மகளின் பழைய கண்ணாடி, பவர் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை, அதுவும் அந்தப் பையில். அம்மாவின் விபூதி டப்பாவும் பைக்குப் போய்விட்டது, நெற்றிக்கு இடுவது தெருவில் நடந்துகொண்டே ஆகட்டும் என்று பேசி முடித்தோம். (எளிதாக முடியவில்லை. இரண்டு நாள்.) மெயின் ஸ்விட்ச் மகன் பொறுப்பு, ஸ்டூலில் ஏறி அணைப்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை, தூக்கமே வரவில்லை. மனைவி மாடித் துணியை மறந்துவிட வேண்டும் என்பது விதி. தண்ணீரும் கணக்குப் போட்டேன், ஒரு ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர், ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் 45 லிட்டர், 45 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் கையில், கேன் மாடியில்.

11 நிமிடம்.

ட்ரெய்லர்காரன் அண்ணன் சொன்னதுபோல எர்ணாவூர் மேம்பாலம் ஏறினோம். அம்மா நாலு இடத்தில் நின்றார், பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போங்கடா" என்று சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஏறி இறங்க 34 நிமிடம். ஆட்டோ அண்ணனிடம் மறுபடி பேசி, கடல் எச்சரிக்கை என்றால் அவர் வண்டியில் முதல் இடம் அம்மாவுக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் ஊரில் இல்லாத நாளில் மூன்றாவது தெருவில் மீன்பாடி வண்டி வைத்திருப்பவர். அவரையும் போய்ப் பார்த்துவிட்டேன்.

தையல்மெஷின் அக்கா, வாளியும் ஸ்டூலும் மாடியில் வேலை செய்தன. மகள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

எதிர்வீட்டு அக்காவிடம் இந்த முறை முந்தின நாளே போய்ச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் பை, விசில், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி, அடுத்த முறை எங்களையும் எழுப்பு என்றார். சீட்டில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் அவரே சொல்லியிருக்கிறார், எட்டு வீடு வருகிறது. ஒரே நிபந்தனை, மாதத்தின் முதல் ஞாயிறு வேண்டாமாம். அன்றைக்குச் சீட்டு ஏலம்.